மூடி வைத்த கை

ஷாரோனின் கை வெந்தபோது அவள் நடக்கப் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற வயது. சுவரோ, கட்டில் காலோ, அம்மாவின் புடவையோ, எட்டியதைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுடைய அம்மா ஜெயம்மாள் பெருநகர் என்கிற ஊரில் கிருஷ்ணசாமி வீட்டில் வேலை செய்தாள். கிருஷ்ணசாமிக்குச் செய்யாற்றுப் பக்கம் நல்ல நஞ்சை நிலம். நடவும் களையெடுப்பும் இருக்கிற நாட்களில் ஜெயம்மாள் அவர்கள் கழனியில் இறங்குவாள். மற்ற நாட்களில் அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரம், துணி, மாட்டுக்கொட்டகை. காலனியிலிருந்து வரும்போது குழந்தையை இடுப்பில் தூக்கி வந்து, கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து உட்கார வைப்பாள். கதவுக்கு உள்ளே அவள் போனதில்லை. போகச் சொன்னவர்களும் இல்லை.

அன்று காலை கிருஷ்ணசாமியின் மகன் வினோத்குமார் கூடத்துத் தரையில் போர்வையை மடித்துப் போட்டுச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிக்கிற பையன். வாசலில் சிநேகிதன் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தான். வினோத்குமார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைக்காமல், போட்டிருந்த பனியனோடு பைக்கில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டான்.

ஜெயம்மாள் குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை சாக்கை விட்டு எழுந்து, கொல்லைக் கதவைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே பளபளவென்று நின்றுகொண்டிருந்த பெட்டியின் இரும்புத் தட்டின் மேல் வலது கையை விரித்து அப்படியே வைத்தது.

சுட்டால் கையை இழுத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த வயதுக் குழந்தைக்கு இழுத்துக்கொள்ளத் தெரிவதில்லை. நிற்பதற்குப் பிடித்த பிடியை அது விடவில்லை. பெட்டியோடு சேர்ந்து சாய்ந்தது.

அலறல் கேட்டு முதலில் வந்தவள் கிருஷ்ணசாமியின் மனைவி சுலோச்சனா. பெட்டி சாய்ந்ததில் சட்டையின் முதுகு தீய்ந்து புகைந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். சட்டையை உதறி எடுத்தாள். அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தாள்.

"ஜெயம்மா! வந்து பாரு, உன் பொண்ணு இன்னா பண்ணி வெச்சிகீதுன்னு. நூறு தபா சொன்னேன் இல்ல, இட்டுக்கினு வராதன்னு. புதுச் சட்டை!"

ஜெயம்மாள் முதல் தடவையாக அந்தக் கதவுக்குள் நுழைந்தாள். குழந்தையின் உள்ளங்கைத் தோல் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சுலோச்சனா பற்பசையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தடவி, ஒரு கிழிசல் வேட்டித் துண்டைச் சுற்றி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயம்மாள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடுவதற்கு முன் சுலோச்சனா கொல்லைக் கதவருகே அவளை நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரில கேப்பாங்க. உங்க வூட்ல சோத்துப் பானைல கைய வுட்டுச்சின்னு சொல்லு. எங்க பேரு வந்துச்சின்னா போலீசு, கேசுன்னு என் புள்ள படிப்பு பூடும். நாளைக்கும் நீ இங்கதான் வரணும், அத மனசுல வெச்சிக்கோ."

புருஷன் ஆல்பர்ட் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். செய்தி கேட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு நேராக வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டதும், "உண்மைய சொல்லிடலாம்" என்றான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்து, எப்படி ஆனது என்று கேட்டார்.

"சோத்துப் பானைங்க" என்றாள் ஜெயம்மாள்.

"பானையா? பானை பட்டா இப்படி தட்டையா வேகுமா?"

ஜெயம்மாள் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஆல்பர்ட்டைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். ஜெயம்மாளின் கை அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். டாக்டரும் மேலே கேட்கவில்லை.

புண் ஆறியது. ஆறும்போதே கையைச் சுருட்டிக்கொண்டது. உள்ளங்கையில் வந்த புதுத் தோல் கயிறு மாதிரி விறைப்பாக விரல்களைக் கீழே இழுத்தது. குழந்தை வளர்ந்தது, எலும்பு வளர்ந்தது, அந்தத் தோல் வளரவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயது வருவதற்குள் நான்கு விரலும் உள்ளே மடிந்து, சாமந்தி மொட்டுபோல இருந்தது கை.

உத்திரமேரூரில் நடந்த ஒரு முகாமில் ஷாரோனைப் பார்த்த பெண் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விரல்களை அறுத்து விடுவித்து, அடிவயிற்றிலிருந்து தோலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று விரல்கள் ஐந்தும் நீட்டிக்கொண்டிருந்தன. ஜெயம்மாள் வார்டில் எல்லோரிடமும் காட்டினாள்.

டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார்: "இதோட முடியல. கை இன்னும் வளரும். இந்தத் தோல் அந்த அளவுக்கு வளராது. வருஷம் ஒரு தடவை ஸ்கூல் லீவுல கூட்டிட்டு வாங்க, பார்த்துப் பார்த்து சரி பண்ணணும். படுக்கும்போது விரலை நீட்டிப் பிடிக்கிற இந்தப் பட்டையைக் கட்டணும். மறந்துடாதீங்க, விட்டா மறுபடியும் மூடிக்கும்."

பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற நாட்களில்தான் கோடைப் பருவத்துச் சொர்ணவாரி நெல் நடவு. ஜெயம்மாள் லீவு கேட்டாள்.

"நாத்து முத்திப் போவுது, உனக்கு மெட்ராஸு கேக்குதா?" என்றாள் சுலோச்சனா. "ஒரு தபா அறுத்தது பத்தலியா? நல்லாத்தான கீது. இன்னும் இன்னாத்துக்கு அந்தப் புள்ளய அறுக்கணும்?"

அந்த வருஷம் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கப்புறம் ஜெயம்மாள் கேட்பதையே விட்டுவிட்டாள். பட்டை கட்டினால் வியர்த்து, அரித்து, குழந்தை தூங்காமல் அழுதது. காலையில் கழனிக்குப் போக வேண்டியவளுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. பட்டை பரணுக்குப் போயிற்று.

கிருஷ்ணசாமி வீட்டில் வினோத்குமாருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஐயங்கார்குளத்திலிருந்து வந்த மருமகள் சசிரேகா. அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, தமிழரசன் என்று பெயர் வைத்து, அவனும் நடக்க ஆரம்பித்தான். லீவு நாட்களில் அம்மாவோடு வந்து சாணி அள்ள உதவிக்கொண்டிருந்த ஷாரோன் அப்போது ஆறாம் வகுப்பு.

ஒருநாள் பையன் மிக்சி ஒயரைப் பிடித்து இழுத்தான். சுலோச்சனா அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"ஏய் ஷாரோனு, இங்க வா. கைய கழுவிக்கினு வா. அந்தக் கைய காட்டு. நல்லா விரி."

ஷாரோன் விரித்தாள். முழுதாக விரியாது; சுண்டு விரலும் மோதிர விரலும் பாதியில் நின்றன. நடுவில் வேறு நிறத்தில் தைத்த தோல், அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாகத் தழும்பு.

"பாத்தியா? சொன்ன பேச்சி கேக்காம கண்டத தொட்டா உன் கையும் இப்டி பூடும். தொடுவியா? தொடுவியா?"

பையன் வீறிட்டான். சசிரேகா வாசற்படியில் நின்று முகத்தைச் சுளித்தாள்.

"அய்யோ, எப்டி ஆச்சி இது?"

"அவுங்க வூட்ல, சோத்துப் பானைல கைய வுட்டுக்கிச்சி. கவனிக்காத ஜென்மங்க" என்றாள் சுலோச்சனா.

ஜெயம்மாள் இரண்டு அடி தள்ளித்தான் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஷாரோனுக்கு எப்படி ஆனதென்று தெரியும். ஆல்பர்ட் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறான், தாழ்ந்த குரலில், கதவைச் சாத்திவிட்டு. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுத்த வரட்டியைத் தட்டினாள்.

அதற்கப்புறம் பையன் சாப்பிட மறுத்தாலும், தூங்க மறுத்தாலும் ஷாரோனைக் கூப்பிட்டார்கள். கையைக் காட்டச் சொன்னார்கள். சில மாதங்களில் அவளைத் தூரத்தில் கண்டாலே அவன் கத்த ஆரம்பித்தான். "புள்ள ராத்திரில திடுக்கு திடுக்குன்னு எழுந்துக்கறான். அவள இனிமே இட்டுக்கினு வராத" என்று சுலோச்சனா சொல்லிவிட்டாள்.

எட்டாம் வகுப்பில் இன்னொன்று நடந்தது. ஷாரோனின் உள்ளங்கையில் முடி முளைத்தது. முதலில் பூனை முடி, பிறகு கறுப்பாக, சுருளாக. பயந்து போய் அம்மாவிடம் காட்டினாள்.

"வயித்துலேர்ந்து எடுத்த தோலு, அப்டித்தான் இருக்கும்" என்றாள் ஜெயம்மாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

ஷாரோனுக்கு ஒரே ஒரு சிநேகிதி, பக்கத்து பெஞ்சு பிரபா. மதிய சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அவளிடம் மட்டும் காட்டி, காரணமும் சொன்னாள். பிரபா ரொம்ப நேரம் பார்த்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மதியம் இரண்டாவது பீரியடு முடிவதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கொரங்குக் கைய காட்டுடி. ஒரு தபா, ஒரே தபா!"

நான்கு பேர் சேர்ந்து அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். தழும்பு வெடித்து ரத்தம் வந்தது. டீச்சர் வந்து விலக்கிவிட்டு, "நீ ஏன் அவங்ககிட்ட போய் காட்டின?" என்று ஷாரோனைத்தான் கேட்டார்.

அன்றிலிருந்து அவள் கையைத் திறக்கவில்லை. வீட்டில் நைனா ஆல்பர்ட்டின் பிளேடால் முடியை மழிப்பாள், அறுத்துக்கொள்வாள், மறுபடி மூடிக்கொள்வாள். இடது கையால் எழுதப் பழகினாள். இடது கையால் சாப்பிட்டாள். கல்யாண வீடுகளில் அதற்காக யாராவது முகம் திருப்பினால் பந்தியிலிருந்து எழுந்துவிடுவாள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்து, இறுக்கி மூடி, அப்படியே நடந்தாள், அப்படியே தூங்கினாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வரும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையில் படிந்து, இழுத்தாலும் வராமல் போய்விட்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஓரளவு அசைந்தன. நடுவிரல் பாதி.

மடிந்த விரல்களுக்குள் காற்றுப் போகாது. வியர்வை தங்கி நாறும். ஈரத் துணியைக் குச்சியில் சுற்றித் துடைக்க வேண்டும். மோதிர விரலின் நகம் வளர வளர உள்ளங்கையையே குத்தியது. அதை வெட்டக் கத்திரி உள்ளே நுழையாது. சனிக்கிழமைதோறும் ஆல்பர்ட் அவளை வெயிலில் உட்கார வைத்து, ரம்பத் துண்டை விட்டு நகத்தைத் தேய்த்துவிடுவான். வெயில் ஏறினால் தழும்பு அரிக்கும். சொறிந்தால் வெடிக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது ஊரில் பாதிப் பெண்கள் செருப்புக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆள் சேர்த்து அனுப்புவதும், பஸ் விடுவதும், உள்ளே துப்புரவு வேலையும் காண்டிராக்ட். காண்டிராக்டர் வினோத்குமார். தொப்பை விழுந்து, தங்க பிரேம் கண்ணாடி போட்டிருந்தான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக விசாரித்தான். ஷாரோனை ஜெயம்மாள் கூட்டிப் போனாள்.

"பொண்ணு ப்ளஸ் டூ, தம்பி. நல்லா படிக்கும். தையல் லைன்ல வெச்சிக்க தம்பி."

"கைய வெளிய எடும்மா" என்றான் வினோத்குமார்.

ஷாரோன் எடுத்தாள். அவன் முன்னால் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் உண்மையாகவே ஒரு பரிதாபம் வந்தது.

"அடப்பாவமே. இன்னாமா ஆச்சி இது?"

ஷாரோன் அவன் கண்ணையே பார்த்தாள். நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. அவனுக்குத் தெரியவில்லை.

"உங்க வூட்லதான் சார்" என்றாள். "நீங்க அயன் பாக்ச ஆப் பண்ணாம போனீங்க. நான் கொழந்தையா இருக்கசொல்ல."

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வினோத்குமார் சிரித்தான்.

"எங்க வூட்லயா? நீ தப்பா வெளங்கிக்கினு கீற. சோத்துப் பானைல கைய வுட்டுக்கினியாம். எங்கம்மா எப்பவோ சொன்னது, இப்பதான் ஞாபகம் வருது." அவன் ஜெயம்மாள் பக்கம் திரும்பினான். அவன் பிறந்த வருஷத்திலேயே அவள் சிறுமியாக அந்தக் கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவள். "இன்னா ஜெயம்மா, இன்னா சொல்ற நீ?"

உள்ளே சுலோச்சனா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஆமா தம்பி" என்றாள் ஜெயம்மாள். "வூட்லதான். அதுக்கு இன்னா தெரியும், சின்ன புள்ள. நைனா ஏதோ ஒளறி வெச்சிகீறாரு."

அவன் பெரிய மனது பண்ணினான். "சரி வுடு. லைன்ல ஒத்துவராது, ஊசி பிடிக்கணும். பாத்ரூம் க்ளீனிங்ல போடறேன். நம்ம ஆளுங்கதான், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆல்பர்ட்டிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"உங்கம்மா அன்னிக்கே டாக்டருகிட்ட பானைன்னு சொல்லிட்டா. நானும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றான்.

கம்பெனியில் பெண்கள் பகுதிக் கக்கூஸ்கள் ஷாரோனுடைய பொறுப்பு. ஒவ்வொரு இடைவேளைக்கு அப்புறமும் ஆசிட் ஊற்றித் தேய்க்க வேண்டும். ரப்பர் கையுறை கொடுத்தார்கள். ஐந்து விரலும் நீண்டிருக்கிற கைக்குச் செய்த கையுறை. அவளுடைய மூடிய கை அதற்குள் போகவில்லை. வேறு கேட்டபோது சூப்பர்வைசர், "ஒத்தக் கைக்கு மட்டும் தனியா எங்க தைக்கறது?" என்றாள். ஷாரோன் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஆசிட்டும் புகும்.

நகம் குத்திக்கொண்டிருந்த இடத்தில் புண் வந்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பில் ஆறுவதுபோல் இருந்து மறுபடி திறந்துகொண்டது. ஒன்றிரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு அது ஆறுவதுபோல நடிப்பதைக்கூட விட்டுவிட்டது. ஓரம் தடித்து, பூக்கோசு மாதிரி வெளியே வர ஆரம்பித்தது. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். மறுநாளிலிருந்து ஷாரோன் பஸ்ஸில் கடைசிப் படியருகே நின்றே போனாள்.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆல்பர்ட் கூட்டிப் போனான். கொஞ்சம் சதையை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் இளம் வயதுக்காரர். முகத்தைப் பார்த்தே பேசினார்.

"பழைய தீக்காயத் தழும்புல திரும்பத் திரும்பப் புண்ணு வந்தா, சில பேருக்கு வருஷங்கள் கழிச்சு இப்படி ஆகும். இது கேன்சர். இப்பதான் ஆரம்பம்."

"நெருப்பு சுட்டதுக்கா டாக்டர்?" என்று கேட்டான் ஆல்பர்ட். "அது அப்பவே ஆறிப்போச்சே."

"மேலதான் ஆறியிருக்கு."

சுண்டு விரல், மோதிர விரல் இரண்டையும், அவற்றின் கீழ் உள்ளங்கைப் பகுதியையும் எடுத்துவிட வேண்டும் என்றார். நடுவிரலைப் பிடித்திருக்கிற தழும்பையும் அறுத்து, தொடையிலிருந்து புதுத்தோல் வைக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"எடுத்துடுங்க" என்றாள் ஷாரோன். டாக்டர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

ஆல்பர்ட் வெளியே போய், மரத்தடியில் நிறுத்தியிருந்த யாருடைய பைக்கையோ பிடித்துக்கொண்டு அழுதான். ஷாரோன் அழவில்லை. அந்த இரண்டு விரலையும் அவள் கண்ணால் பார்த்தே பல வருஷங்கள் ஆகியிருந்தன.

கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று விரலோடு கை திறந்தது. காற்று பட்டது. வார்டில் கொடுத்த சாம்பார் சாதத்தை வலது கையால் எடுத்து வாயில் வைத்தாள். பாதி மடியில் கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரி ஸ்பூன் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கொட்டினதையும் பொறுக்கிச் சாப்பிட்டாள்.

வீடு திரும்பிய மறுவாரம் வினோத்குமார் காலனிக்கு வந்தான். அதற்கு முன் அவன் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஆப்பிள் பையோடு நடந்து வந்தான். ஜெயம்மாள் ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரும்போது ஷாரோனின் கையைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தான்.

"உடம்ப பாத்துக்க. ஒண்ணும் கவலப்படாத" என்றான். "ஒரு விசயம். ஆசிட்டுல வேல செஞ்சி ஒரு பொண்ணு கை பூடுச்சின்னு கம்பெனில எவனோ எழுதிப் போட்டுட்டான். மேலேர்ந்து ஆளு வந்து உன்ன கேப்பாங்க. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பழைய தீக்காயம்னு சொல்லிடு. உண்மையும் அதான?"

"உண்மைதான்" என்றாள் ஷாரோன். "எந்த வூட்டு தீக்காயம்னு கேட்டா?"

"மறுபடியும் ஆரம்பிக்கறியா?"

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற ஆல்பர்ட் முன்னால் வந்தான். "அயன் பாக்ஸு உன்னுது. நீதான் சட்ட தேச்சிக்கினு இருந்த. பைக்கு வந்து ஆரனு அடிச்சான், பனியனோட ஏறிப் போயிட்ட. என் பொண்ணு கை தோலு உன் பொட்டில ஒட்டிக்கினு இருந்திச்சி. உங்கம்மாவ கேளு."

வினோத்குமார் புருவத்தைச் சுருக்கினான். எதையோ தேடுகிற முகம்.

"சட்ட தீஞ்சி கெடந்தது ஞாபகம் கீது" என்றான் மெதுவாக. "நீலக் கலரு. ஒரு தபாகூட போடல. பூனை தள்ளிவுட்டுச்சின்னு அம்மா சொல்லிச்சி. ரெண்டு நாளு சண்ட போட்டேன் அதுக்கு."

அவன் ஜெயம்மாளைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "பழசு தம்பி, அதெல்லாம் பழசு. இப்ப எதுக்கு" என்றாள்.

அவன் எழுந்தான். ஏதாவது சொல்வான் என்று ஷாரோன் காத்திருந்தாள். காலைப் பார்த்து, செருப்பை மாட்டி, வாசலைத் தாண்டிய பிறகு திரும்பினான்.

"அது எப்பவோ நடந்தது. வுடு. கம்பெனி ஆளு வந்தா இன்னா சொல்லப்போற, அத சொல்லு."

"கேட்டதுக்கெல்லாம் சொல்லுவேன்" என்றாள் ஷாரோன்.

அப்படியே சொன்னாள். கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரிடமும், அயன் பாக்சையும் சொன்னாள், கிருஷ்ணசாமி வீட்டையும் சொன்னாள், உள்ளே போகாத கையுறையையும், ரப்பர் பேண்டையும், ஆசிட்டையும் சொன்னாள். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். துப்புரவு காண்டிராக்டை வினோத்குமாரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பஸ் அவனிடமே இருந்தது. புது காண்டிராக்டர் பழைய பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டான், ஷாரோனைத் தவிர.

சுலோச்சனா ஜெயம்மாளைக் கொல்லைக் கதவோடு நிறுத்தினாள். "உன் பொண்ணு எங்க வூட்ட சந்தி சிரிக்க வெச்சிட்டா. சோறு போட்ட வூடு. இனிமே இந்தப் பக்கம் வராத." கழனியிலும் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பயந்து அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்களும் கூப்பிடவில்லை. ஜெயம்மாள் மாகறல் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். இந்த வயதில் புது இடம், புது மேஸ்திரி, புது ஏச்சு.

"இத்தன வருசமா வாய மூடிக்கினு கெடந்தேன், எதுக்கு?" என்று ஒருநாள் சட்டியைத் தரையில் அடித்தாள். "நான் மூடினதுலதான உனக்கு சோறு வந்துச்சி. ஒரே நாளுல தொறந்துட்ட. நல்லா இருடி."

அதற்கப்புறம் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஷாரோன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேதகிரி என்பவரின் முட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று விரலால் அட்டையில் அடுக்குவதை அவரிடம் செய்து காட்டித்தான் சேர்ந்தாள். ஒன்றும் உடையவில்லை. ஆனால் முட்டை வாங்க வந்த ஒருத்தி, "அந்தப் பொண்ணு கையால வேணாம், நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள். இன்னொருவரும் சொன்னார். வேதகிரி நல்ல மனிதர்தான். அவளைக் கடைக்குப் பின்னால் குடோனுக்கு மாற்றிவிட்டார். அங்கே ஜன்னல் இல்லை. முட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, விரிசல் விட்டதைப் பிரித்துப் போட வேண்டும். பிரித்துப் போடுகிறாள்.

மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி செங்கல்பட்டு போக வேண்டும். போன தடவை ஆல்பர்ட்டுக்குக் காய்ச்சல். ஜெயம்மாள் ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார், அக்குளில் அழுத்திப் பார்த்தார், இப்போதைக்கு ஒன்றுமில்லை, மறுபடி வா என்றார்.

பஸ் வர நேரமானது. சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயம்மாள் திடீரென்று கையை நீட்டி மகளின் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கரும்புச் சோகை கிழித்த விரல்களால் தழும்பின் மேல் தடவினாள். விரல் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாள்.

"அன்னிக்கே இந்த ரெண்டையும் எடுத்திருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல" என்றாள்.

ஷாரோன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உத்திரமேரூர் பஸ் வந்து நின்றது. இடம் பிடிக்க ஜெயம்மாள் முந்தி ஓடினாள்.